டிவியில் பாடிய பிள்ளைக்கு அப்புறம் என்ன நடக்கிறது? மலையகத்தில் இருந்து விளங்கிக்கொள்ள ஒரு கட்டுரை

2023இல் ஜீ தமிழ் தொலைக்காட்சியின் சரிகமப லிட்டில் சாம்ப்ஸ் மேடையில் இலங்கையைச் சேர்ந்த இரண்டு சிறுமிகள் பாடினார்கள். யாழ்ப்பாணம் அரியாலையைச் சேர்ந்த கில்மிஷா அந்தத் தொடரின் வெற்றியாளர் ஆனார். புசல்லாவை நயப்பன தோட்டத்தைச் சேர்ந்த அசானியை மலையகமே தன் வீட்டுப் பிள்ளையாகப் பார்த்தது. தோட்ட வேலைக்காக இந்தியாவில் இருந்து வந்த மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்த ஆண்டும் அதுதான்.

அதன் பிறகு ஹட்டனிலும் பதுளையிலும் இராகலையிலும், கொஞ்சம் நன்றாகப் பாடும் பிள்ளை இருக்கிற வீட்டில் எல்லாம் ஒரே பேச்சு: "நம்ம பிள்ளையையும் அனுப்பினால் என்ன?" நல்ல கேள்வி. ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கிற விஷயங்கள் பலருக்குத் தெளிவாக இல்லை. போட்டியில் பாடினால் சம்பளம் உண்டா? யூடியூபில் பல இலட்சம் பேர் பார்த்தால் அந்தப் பணம் யாருக்கு? பரிசு விழுந்தால் முழுவதும் கைக்கு வருமா? மேடை முடிந்த பிறகு அந்தப் பிள்ளை எதைச் செய்து பிழைக்கும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## முதலில், யார் யார் என்பதைப் பிரித்துக்கொள்வோம்

"டிவி பாடகர்" என்று நாம் பொதுவாகச் சொல்லும் ஆட்களில் மூன்று வகை உண்டு. மூவருக்கும் வருமானம் வரும் வழி வேறு.

1. போட்டியாளர். ஒரு தொடரில் பாடிப் புள்ளியும் வாக்கும் பெற்று முன்னேறுகிறவர். தொடர் முடிந்தால் தொலைக்காட்சியுடனான உறவும் பெரும்பாலும் முடிந்துவிடும்.
2. நிகழ்ச்சிப் பாடகர். பண்டிகைச் சிறப்பு நிகழ்ச்சி, விருது விழா, பல்சுவை நிகழ்ச்சி போன்றவற்றில் கூலி பேசிப் பாடுகிறவர். போட்டியில் பெயர் வாங்கியவர்களே இப்படி அதிகம் அழைக்கப்படுகிறார்கள்.
3. பின்னணிப் பாடகர். திரைப்படத்துக்கும் இசைத்தொகுப்புக்கும் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடுகிறவர். இது இசையமைப்பாளரின் அழைப்பைப் பொறுத்தது. தொலைக்காட்சி இந்த வேலையைத் தருவதில்லை. அறிமுகம் மட்டும் செய்துவைக்கலாம்.

முதலாவதில் இருந்து இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் தானாகவே ஏறிவிடலாம் என்ற நினைப்பில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

போட்டி என்ற வடிவம் நமக்குப் புதிதும் இல்லை. பி.எச்.அப்துல் ஹமீத் இலங்கை வானொலியில் நடத்திய பாட்டுக்குப் பாட்டு, கேட்கிறவரையும் பாட வைத்த நிகழ்ச்சி. அது பிறகு தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிக்கும் போனது. வட இந்தியாவில் ஜீ தொலைக்காட்சி 1995இல் தொடங்கிய இந்திப் பாட்டுப் போட்டியின் தமிழ் வாரிசுதான் இன்றைய சரிகமப. விஜய் தொலைக்காட்சியின் சூப்பர் சிங்கர் 2006இல் வந்தது. இங்கே சக்தி தொலைக்காட்சியும் சூப்பர் ஸ்டார் என்ற பெயரில் போட்டி நடத்தியது. ஆகவே சென்னைக்குப் போவதற்கு முன்பே கொழும்பில் ஒரு வாசல் இருந்திருக்கிறது. ஆனால் கொழும்பு வாசலைத் தாண்டினால் அதற்கு அப்பால் தமிழ்த் திரைப்படத் தொழில் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பிள்ளைகள் சென்னையையே பார்ப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

## குரல் தேர்வில் இருந்து ஒளிபரப்பு வரை

ஞாயிறு இரவு நாம் பார்ப்பது கொஞ்ச நேரம். அதற்குப் பின்னால் நடக்கிற வேலை ஏறக்குறைய இப்படி இருக்கும்:

1. முதற் தேர்வு. இப்போது பெரும்பாலும் கைபேசியில் பதிவு செய்து அனுப்பிய காணொளியில் இருந்தே தொடங்குகிறது. இசைக்கருவி எதுவும் இல்லாமல் பல்லவியும் ஒரு சரணமும் பாடச் சொல்வார்கள். சுருதி நிற்கிறதா, சொல் தெளிவாக விழுகிறதா என்று பார்க்கத்தான் இது. கரோக்கியோடு மட்டுமே பாடிப் பழகிய பிள்ளை இங்கேதான் தடுமாறும்.
2. நேரில் தேர்வு. இசை தெரிந்த குழு ஒன்று பல கட்டங்களாகக் கேட்கும். நடுவர்கள் முன் நாம் பார்க்கும் "முதல் தேர்வு" உண்மையில் இந்தக் கட்டங்களைத் தாண்டியவர்களுக்கானது.
3. பாட்டுத் தெரிவு. என்ன பாடுவது என்பதைப் பிள்ளை தனியாகத் தீர்மானிப்பதில்லை. பயிற்சியாளரும் நிகழ்ச்சிக் குழுவும் அந்த வாரத்தின் தலைப்பும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. எந்தப் பாட்டுக்கு உரிமை கிடைக்கிறது என்பதும் இதில் சேரும்.
4. ஒத்திகையும் படப்பிடிப்பும். சென்னையில் பூந்தமல்லிப் பக்கத்துப் படப்பிடிப்புத் தளங்களில் பல நிகழ்ச்சிகள் பதிவாகின்றன. செலவைக் குறைக்க ஒரே தொடர்ச்சியில் ஒன்றுக்கு மேற்பட்ட வாரங்களுக்கான பகுதிகளை எடுப்பது வழக்கம். காத்திருக்கும் நேரம்தான் அதிகம், பாடும் நேரம் சில நிமிடம்.
5. ஒலிக்கலவை. பதிவான குரலுக்கு எதிரொலி சேர்ப்பார்கள், மூச்சுச் சத்தம் குறைப்பார்கள். சுருதி சற்று விலகிய இடத்தை நேராக்கும் மென்பொருளும் இந்தத் தொழிலில் சர்வசாதாரணம்.

ஐந்தாவது விஷயத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். டிவியில் பளிங்கு மாதிரிக் கேட்ட அதே குரலை நம்மூர்த் திருவிழா மேடையில், ஒரு பழைய மிக்ஸரும் இரண்டு பெட்டியும் வைத்துக் கேட்கிற சனம் "டிவியில் பாடின மாதிரி இல்லையே" என்று முணுமுணுக்கும். பிள்ளை மோசமாகப் பாடியிருக்காது. பத்துப் பதினைந்து தேர்ந்த வாத்தியக்காரரும் ஒலிப் பொறியாளரும் சேர்ந்து தூக்கிப் பிடித்த குரலை இங்கே தனியாக நிற்க விட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

## தோட்டத்தில் இருந்து போகிறவருக்குக் கூடுதலாக விழும் செலவு

தஞ்சாவூரில் இருந்து வரும் போட்டியாளரும் தலவாக்கலையில் இருந்து வரும் போட்டியாளரும் மேடையில் சமம். மேடைக்கு வரும் வழியில் சமம் இல்லை.

பிள்ளை தனியாகப் போக முடியாது. தாயோ தகப்பனோ கூடப் போக வேண்டும். தோட்டத்தில் வேலை செய்கிறவர் ஒரு நாள் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் (அந்த நாளுக்கான சம்பளப் பதிவு) விழாது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. வேலைக்குப் போன நாளுக்குத்தான் அதுவும். ஒரு தொடர் மாதக்கணக்கில் நீளும். அத்தனை நாள் பேரை விட்டுவிட்டுச் சென்னையில் ஒரு அறையில் இருப்பது என்றால் வீட்டில் ஒரு வருமானம் முழுதாக நின்றுபோகிறது. தங்குமிடமும் விமானச் சீட்டும் நிகழ்ச்சிக் குழு தருகிறதா, எத்தனை பேருக்குத் தருகிறது, எந்தச் சுற்றில் இருந்து தருகிறது என்பதை முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியது இதனால்தான். வெட்கப்படுகிற விஷயம் இல்லை இது.

அடுத்தது கடதாசி வேலை. பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு மாதிரி, பாடசாலைப் பதிவில் இன்னொரு மாதிரி, தாயின் அடையாள அட்டையில் மூன்றாவது மாதிரி. தோட்டங்களில் இது எவ்வளவு சாதாரணம் என்று எல்லோருக்கும் தெரியும். 1948இன் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர் ஆக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பிரித்தது. எஞ்சியிருந்தவர்களின் குடியுரிமைப் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் தீர்வு வந்தது. இத்தனை ஆண்டுகள் ஆவணம் இல்லாமலும் அரைகுறை ஆவணத்தோடும் இருந்த பரம்பரையின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது கடவுச்சீட்டுக்கு நிற்கிறார்கள். குரல் தேர்வில் தெரிவான செய்தி வந்த பிறகு பெயர்த் திருத்தத்துக்கு ஓடினால் நேரம் போதாது. பாடப் பழகும்போதே ஆவணங்களைச் சரிசெய்து வைப்பது நல்லது.

விசாவிலும் கவனம் வேண்டும். சுற்றுலா விசாவில் போய் இந்தியாவில் கூலிக்கு நிகழ்ச்சி செய்ய முடியாது. எந்த வகை விசா, அதற்கான கடிதத்தை யார் தருவது என்பது அழைக்கிற நிறுவனத்தின் பொறுப்பு. "வந்துவிடுங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் போகாமல் இருப்பதே பாதுகாப்பு. குரல் தேர்வுக்குப் பெயர் பதியப் பணம் கேட்கும் இடைத்தரகரையும் இதே கணக்கில் சேர்க்கலாம்.

## பணம் எங்கே போகிறது?

இதுதான் அதிகம் குழப்புகிற பகுதி. பொறுமையாகப் பிரித்துப் பார்த்தால் விளங்கும்.

### விளம்பரமும் பார்வையாளர் கணக்கும்

தொலைக்காட்சிக்குப் பணம் விளம்பரத்தில் இருந்து வருகிறது. விளம்பர விலையைத் தீர்மானிப்பது பார்வையாளர் அளவீடு. இந்தியாவில் 2015 முதல் பார்க் என்ற அமைப்பு இந்தக் கணக்கை எடுக்கிறது. அதன் கருவிகள் இந்திய வீடுகளில்தான் இருக்கின்றன. ஆகவே மஸ்கெலியாவில் ஒரு தோட்டமே கூடி உட்கார்ந்து பார்த்தாலும் அந்தக் கணக்கில் நாம் ஒருவர்கூட இல்லை.

அப்படியானால் இலங்கைப் பிள்ளையை மேடைக்கு எடுப்பதில் நிறுவனத்துக்கு என்ன பயன்? திறமைக்கு மதிப்பு என்பது ஒரு பக்கம். மறுபக்கம், யூடியூபிலும் செயலியிலும் பார்க்கிற இலங்கையரும், கனடாவிலும் ஐரோப்பாவிலும் வளைகுடாவிலும் இருக்கிற தமிழரும். அங்கே இருந்து வரும் ஒவ்வொரு பார்வையும் எண்ணப்படுகிறது, பணமாகிறது. நமது பாசம் ஒரு சந்தை என்பதை நாம் அறிந்து வைத்திருக்க வேண்டும். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் சந்தை என்று தெரிந்தால்தான் பிள்ளைக்கு உரியதைக் கேட்க முடியும்.

### பாடியவருக்கு என்ன உரிமை?

ஒரு திரைப்பாடலில் மூன்று அடுக்கு உண்டு: வரி, மெட்டு, ஒலிப்பதிவு. மூன்றுக்கும் தனித்தனி உரிமையாளர் இருக்கலாம். போட்டியில் அந்தப் பாட்டைத் திரும்பப் பாடுகிற பிள்ளை இந்த மூன்றில் எதற்கும் உரிமையாளர் இல்லை. அவருக்கு இருப்பது நான்காவது ஒன்று, நிகழ்த்துநர் உரிமை. அதாவது, தான் பாடியதைப் பதிவு செய்யவும் பரப்பவும் தன் சம்மதம் வேண்டும் என்ற உரிமை.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இந்த உரிமையை 50 ஆண்டுகளுக்குத் தருகிறது. 2012இல் வந்த திருத்தம், அந்த நிகழ்த்துகை வணிகத்துக்குப் பயன்படும்போது ராயல்டி கேட்கவும் இடம் வைத்தது. அதற்கு அடுத்த ஆண்டு இந்தியப் பாடகர்கள் தமக்கென்று ஒரு உரிமைச் சங்கத்தையும் தொடங்கினார்கள். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க அறிவுசார் சொத்துச் சட்டமும் நிகழ்த்துநர் உரிமையை ஏற்கிறது.

சரி, சட்டம் இருக்கிறது. நடைமுறையில் என்ன? போட்டியாளர் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் பதிவுகளின் முழுப் பயன்பாட்டையும் நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்கும் வரிகள் இருப்பது வழக்கம். அந்தக் காணொளி நிறுவனத்தின் பக்கத்தில் ஏறும், வருமானமும் அங்கேதான் போகும். பிள்ளை அதே பாட்டை வீட்டில் பாடித் தன் பக்கத்தில் ஏற்றினால், யூடியூபின் அடையாளம் காணும் முறை மெட்டைப் பிடித்துவிடும். விளம்பர வருமானம் பாட்டின் உரிமையாளருக்குத் திரும்பும், சில வேளை ஒரு பங்கு பாடியவருக்கு மிஞ்சும். பல இலட்சம் பார்வை இருந்தும் வீட்டில் ஒரு மாற்றமும் இல்லையே என்று ஊரார் கேட்பதற்கு விடை இதுதான். யாரும் திருடவில்லை, அந்தப் பணம் பாடியவர் வீட்டுக்கு வரும் வழியே போடப்படவில்லை.

### பரிசு என்று அறிவித்தால்

இந்தியாவில் தொலைக்காட்சிப் போட்டிப் பரிசுக்கு 30 சதவீத வரி. அதன் மேல் 4 சதவீத மேல்வரி. 10 இலட்சம் இந்திய ரூபாய் என்று அறிவித்தால் சுமார் 3 இலட்சத்து 12 ஆயிரம் வரியாகப் பிடிக்கப்படும். செலவைக் காட்டிக் கழிவு கேட்கவும் முடியாது.

பரிசு பணமாக இல்லாமல் காராகவோ வீடாகவோ இருந்தால் இன்னும் சிக்கல். பொருளைக் கையளிப்பதற்கு முன் அதன் மதிப்புக்கான வரி கட்டப்பட்டிருக்க வேண்டும். அனுசரணையாளர் கட்டாவிட்டால் வென்றவர் காசு புரட்டிக் கட்ட வேண்டும். வீட்டுக்கு மேலும் ஒரு தடை உண்டு. இந்திய அந்நியச் செலாவணி விதிகளின்படி சில நாட்டுக் குடிமக்கள் இந்திய மத்திய வங்கியின் முன் அனுமதி இல்லாமல் அங்கே நிலமோ வீடோ வாங்க முடியாது. அந்தப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. இறுதிப் போட்டி மேடையில் பெரிய சாவி ஒன்றைக் கையில் கொடுக்கும்போது இதையெல்லாம் யாரும் சொல்லமாட்டார்கள். இலங்கைப் போட்டியாளரின் பெற்றோர் "பரிசு வீடாக இருந்தால் அதற்குப் பதிலாகப் பணம் தருவீர்களா" என்று ஆரம்பத்திலேயே கேட்டுக்கொள்வது புத்தி.

## பிள்ளையின் நேரத்துக்குச் சட்டம் போட்ட எல்லை

படப்பிடிப்பு இந்தியாவில் நடப்பதால் அங்குள்ள குழந்தைத் தொழிலாளர் சட்டம்தான் பொருந்தும். 2016இன் திருத்தமும் 2017இன் விதிகளும் 14 வயதுக்குட்பட்ட பிள்ளை கலைஞராகப் பங்கேற்க அனுமதிக்கின்றன, ஆனால் நிபந்தனையோடு:

1. ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. இடைவேளை இல்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.
2. தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் ஈடுபடுத்தக் கூடாது.
3. மாவட்ட ஆட்சியரின் அனுமதியைத் தயாரிப்பாளர் வாங்க வேண்டும்.
4. பிள்ளையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் வங்கியில் நிலையான வைப்பாகப் போடப்பட வேண்டும்.
5. பிள்ளையின் படிப்பு நிற்காமல் பார்த்துக்கொள்வதும் தயாரிப்பாளரின் கடமை.

நான்காவது நிபந்தனை பல பெற்றோருக்குத் தெரியாது. கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று தயங்குகிறார்கள். சட்டத்தில் உள்ளதைக் கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. புலமைப்பரிசில் ஆண்டிலும் சாதாரணதரத்துக்கு முந்திய ஆண்டிலும் மாதக்கணக்கில் வகுப்பை விட்டுவிட்டுப் போகும் மலையகப் பிள்ளைக்குத் திரும்பி வந்து ஈடுகட்டுவது நகரப் பிள்ளையை விட அதிகக் கஷ்டம். விட்ட பாடத்தைச் சொல்லித்தர அருகில் ஆள் கிடைப்பதில்லை. எந்த ஆண்டில் போவது என்பதைக் குடும்பமும் பாடசாலையும் சேர்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

## குரல் உடையும் வயது

சிறுவர் போட்டியில் புகழ் பெற்ற பையன்களில் பலர் சில ஆண்டுகளில் காணாமல் போவதற்கு உடல் சார்ந்த காரணம் ஒன்று உண்டு. பெரும்பாலும் 12 முதல் 14 வயதுக்குள் ஆண் பிள்ளையின் குரல்வளை பெரிதாகிறது, குரல் நாண்கள் நீளமாகவும் தடிப்பாகவும் ஆகின்றன. பேச்சுக் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். எந்தப் பாட்டு அவனுக்குப் பெயர் வாங்கித் தந்ததோ அதை அதே சுருதியில் பாட முடியாது. பெண் பிள்ளைகளுக்கும் மாற்றம் உண்டு, ஆனால் அளவு குறைவு.

இந்தக் காலத்தில் வற்புறுத்திப் பாட வைத்தால் குரல் நாணில் காய்ப்பு விழலாம். நல்ல ஆசிரியர் சுருதியை இறக்கிக் கொடுப்பார், மேல்ஸ்தாயியைக் குறைப்பார், தாளமும் இராக அறிவும் பழக்குவார். ஆசிரியர் இல்லாத பிள்ளை பழைய சுருதியிலேயே கத்திக் கத்திக் குரலைக் கெடுத்துக்கொள்ளும். மலையகப் பாடகரின் தொழில் வாழ்க்கையில் நான் மிகவும் கவலைப்படும் இடம் இதுதான். டிவி மேடை இதற்கு எதுவும் செய்யாது. அது அடுத்த தொடருக்கு அடுத்த பிள்ளையைத் தேடிப் போய்விடும்.

ஆகவே ஊரில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. இருக்கிற வழிகள் இவை. பாடசாலையில் அழகியல் பாடங்களில் ஒன்றாகச் சங்கீதம் உண்டு, ஆசிரியர் இருந்தால். அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டியில் தனி இசை, குழு இசை உண்டு. வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைகளை மலையகப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். உயர்தரத்தில் கர்நாடக சங்கீதம் எடுத்தவர்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைப் பீடத்துக்கோ மட்டக்களப்பில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கோ போகலாம். பட்டம் பெற்று இசை ஆசிரியராக வருவது ஒரு நிரந்தரச் சம்பளம். டிவியில் பாடிய பெயரும் ஆசிரியர் தொழிலும் சேர்ந்து நடக்க முடியும். பாடகராக நீண்ட நாள் நிலைக்கிறவர்களில் பலர் இப்படி இன்னொரு நிலையான வருமானத்தோடு இருப்பவர்களே.

## "பாவம், தோட்டத்துப் பிள்ளை"

நிகழ்ச்சிகளில் பாட்டுக்கு முன் ஒரு சிறு காணொளி ஓடும். லயன் அறை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு), கொழுந்துக் கூடை, மழைச் சேறு, அழும் தாய். பின்னணியில் சோகமான புல்லாங்குழல். நடுவர்கள் கண் துடைப்பார்கள். அப்புறம்தான் பிள்ளை பாடும்.

இதில் ஒரு நன்மையை மறுக்க முடியாது. போரைப் பற்றிக் கேள்விப்பட்ட அளவுக்கு மலையகத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் பலர் கேள்விப்பட்டதில்லை. தம் ஊர்களில் இருந்து போன மக்களின் வாரிசுகள் இன்னும் லயத்தில் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குச் செய்தி. ஒரு சிறுமியின் பாட்டு, பல மேடைப் பேச்சுகள் செய்யாததைச் செய்தது.

ஆனால் தொழில் கணக்கில் இது பாடகருக்கு நட்டம். கதையை முன்னால் வைத்து அறிமுகமானவரை மக்கள் கதையாகவே நினைவில் வைப்பார்கள். உதவி செய்ய ஆள் வரும், பாட அழைக்க ஆள் வராது. அவர் சுருதி எவ்வளவு சுத்தம், கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) எப்படி, எந்த இராகத்தில் பலம் என்று பேசப்படவே இல்லை என்றால் ஓர் இசையமைப்பாளர் எதை வைத்து அழைப்பார்? நம்மவர்களும் முகநூலில் இதையேதான் செய்கிறோம். பிள்ளை பாடிய பாட்டைப் பகிர்ந்து "ஏழ்மையில் மலர்ந்த பூ" என்று எழுதுகிறோம். "சரணத்தில் அந்த மேல்ஸ்தாயியை எவ்வளவு சுலபமாகப் பிடித்தாள் பாருங்கள்" என்று எழுதலாமே. லயன் பிரச்சினைக்குப் பொறுப்பு அரசாங்கமும் கம்பெனிகளும். அதைத் தீர்க்கிற சுமையைப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றக் கூடாது.

## போட்டி முடிந்த அடுத்த நாள்

பாடகரின் உண்மையான வருமானம் மேடையில் இருந்து வருகிறது. மலையகத்தில் அந்த மேடைகள் எவை? கோயில் திருவிழாக்கள், தைப்பொங்கல் விழா, தீபாவளியை ஒட்டி நகரங்களில் நடக்கும் இசை நிகழ்ச்சி, கலியாண வீடு. இதற்கு வெளியே கொழும்பு, அதற்கும் வெளியே இலண்டன், ரொறொன்ரோ, சுவிஸ்.

புகழின் ஆயுள் குறுகியது. அடுத்த தொடரில் புதிய முகங்கள் வந்ததும் அழைப்பு குறையும். ஆகவே முதல் ஓராண்டில் என்ன செய்கிறார் என்பது முக்கியம். அந்த ஓராண்டில்தான் பல தவறுகளும் நடக்கின்றன:

1. கூலி பேசாமல் போவது. "நம்ம ஊர்த் திருவிழா, நம்ம பிள்ளை" என்று அழைத்து ஒரு பொன்னாடையும் நினைவுச் சின்னமும் கொடுத்து அனுப்புவது. ஒலிபெருக்கிக்காரருக்கும் பந்தல்காரருக்கும் காசு கொடுக்கிற குழு, பாடுகிற பிள்ளைக்கு மட்டும் கொடுப்பதில்லை. அன்பை நானும் மதிக்கிறேன். ஆனால் பேசிய தொகையை முன்கூட்டியே கொடுப்பதும் அன்புதான்.
2. ஒப்பந்தத்தைப் படிக்காமல் ஒத்துக்கொள்வது. சில ஒப்பந்தங்களில் தொடர் முடிந்த பிறகும் குறிப்பிட்ட காலம் வேறு தொலைக்காட்சியில் தோன்றவோ தனி மேடை ஏறவோ நிறுவனத்தின் அனுமதி வேண்டும் என்று இருக்கும். ஆங்கிலத்தில் உள்ளதைத் தெரிந்த சட்டத்தரணியிடம் காட்டி விளங்கிக்கொண்ட பிறகு கையெழுத்து வைக்க வேண்டும்.
3. குரலுக்கு ஓய்வு தராமல் வாரம் முழுவதும் மேடை ஏறுவது. நுவரெலியாக் குளிரில் இரவு பத்து மணிக்குத் திறந்தவெளியில் பாடிவிட்டு மறுநாள் காலை கொழும்புக்குப் போகிற ஓட்டம் வளர்ந்தவர் குரலையே கெடுக்கும்.

## உரிமைப் பிரச்சினை இல்லாத பாட்டு ஒன்று நம்மிடம் இருக்கிறது

மேலே சொன்ன உரிமை அடுக்குகளைத் திரும்பப் பாருங்கள். திரைப்பாட்டைப் பாடுகிற வரை பாடகருக்குக் கிடைப்பது மிச்சம் மீதி. தனக்கென்று ஒரு பாட்டு இருந்தால் வரி, மெட்டு, ஒலிப்பதிவு, நிகழ்த்துகை எல்லாவற்றிலும் பங்கு பேசலாம்.

மலையகப் பாடகருக்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்துப் பாட்டு, மாசியில் காமன் கூத்தில் பாடும் பாட்டு, பொன்னர் சங்கர் கதைப்பாட்டு ஆகியவற்றுக்குத் தனி உரிமையாளர் யாரும் இல்லை. மலையக எழுத்தாளர் சி.வி.வேலுப்பிள்ளை போன்றவர்கள் தேடித் திரட்டி வைத்ததால் வரிகள் பல இன்றும் அச்சில் இருக்கின்றன. தோட்டங்களில் மூத்தவர்களின் வாயில் மெட்டோடு இருப்பவை இன்னும் உண்டு. பழைய இசைத்தட்டையோ வேறொருவரின் ஒலிப்பதிவையோ அப்படியே எடுத்துப் போட்டால் உரிமைச் சிக்கல் வரும். புதிய இசைச் சேர்க்கையோடு தானே பாடிப் பதிவு செய்தால் அந்த ஒலிப்பதிவு அதற்குச் செலவு செய்தவருக்குச் சொந்தம், பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை உண்டு. யூடியூபில் யாராவது தவறாக உரிமை கோரினாலும் மறுத்து விண்ணப்பிக்கலாம்.

இதற்கு முன்னோடியும் உண்டு. தொழிற்சங்கத் தலைவர் கோ.நடேசையரின் மனைவி மீனாட்சி அம்மாள் 1930களிலும் 40களிலும் தோட்ட மக்களின் நிலையைப் பாட்டாக எழுதி, சனங்களுக்குப் பழக்கமான மெட்டுகளில் கூட்டங்களில் பாடினார். அந்தப் பாட்டுகள் 1940இல் நூலாகவும் வந்தன. ஒலிவாங்கி எளிதில் கிடைக்காத காலத்தில் சொந்த வரியோடு நின்ற மலையக மேடைப் பாடகி அவர். இன்றைக்கு ஒரு தப்பு மேளம், ஒரு ஆர்மோனியம், பதிவு செய்யத் தெரிந்த ஒரு நண்பர் இருந்தால் இதே வேலையை ஹட்டனில் ஒரு சின்ன அறையில் இருந்து செய்ய முடியும். டிவி தரும் அந்த முதல் ஓராண்டுப் புகழ் கையில் இருக்கும்போதே இப்படி நான்கைந்து பாட்டுகள் பாடகரின் சொந்தப் பக்கத்தில் ஏறிவிட்டால், மேடைக் குழுக்கள் கூலி பேச வரும்போது அவரிடம் கேட்பதற்கு அவருடைய பாட்டே இருக்கும்.